பதினெட்டு நிரம்பாத பிள்ளை கிளினிக் வாசலில் நின்றால்: கொழும்புத் தாதியருக்கும் மிட்வைஃப்மாருக்கும் ஒரு வழிகாட்டி

கொழும்பில் பதினாறு, பதினேழு வயதில் கர்ப்பமாகும் பிள்ளைக்குக் கிளினிக் எங்கே என்று நன்றாகவே தெரியும். கொட்டாஞ்சேனையிலோ மட்டக்குளியிலோ கிராண்ட்பாஸிலோ எந்தத் தோட்டத்துப் பிள்ளையைக் கேட்டாலும் (கொழும்பில் தோட்டம் என்பது நெருக்கமான குடியிருப்பு) வழி சொல்லிவிடும். அந்த வாங்கில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள், மிஸ் முதலில் என்ன கேட்பார், கேட்டது எத்தனை மணிக்குள் வீட்டுக்கு எட்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் வயிற்றை மறைக்க முடியாமல் போனபிறகு, ஆறாம் ஏழாம் மாதத்தில், சித்தியோ மாமியோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறார்கள்.

கர்ப்பகாலப் பராமரிப்பு உங்களுக்குப் பாடம். பயிற்சியில் படித்ததை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. வயது குறைந்த பிள்ளை என்று வரும்போது எது எது மாறுகிறது என்பதை மட்டும் படிப்படியாக எழுதுகிறேன். முதல் இரண்டு படிகளில் கொஞ்சம் அதிகம் நிற்பேன். அங்கே பிழைத்தால் அவள் இரண்டாம் தடவை வரமாட்டாள், மற்றப் படிகளுக்கு வேலையே இருக்காது.

படி 1: அவள் வருமுன்னரே செய்ய வேண்டியவை

முதலில் அவள் யாருடைய பிரிவு என்று பாருங்கள். வெள்ளவத்தையில் இருப்பவள் மாநகரசபைக்குள், பாலம் தாண்டித் தெகிவளை என்றால் வேறு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு. கொழும்பு மாநகரசபைக்குத் தனிப் பொதுச் சுகாதாரத் திணைக்களமும் தனி மிட்வைஃப்மாரும் இருப்பதால், எல்லையோரப் பிள்ளைகள் இரண்டு பக்கத்துப் பதிவிலும் விழாமல் போகிறார்கள். “இது எங்கட ஏரியா இல்ல” என்று திருப்பி அனுப்பினால் அவள் அடுத்த கிளினிக்குக்குப் போவாள் என்று நம்ப வேண்டாம். அன்றைக்கு நீங்களே பார்த்துவிட்டு, பிறகு தொலைபேசியில் அடுத்த பிரிவுக்கு ஒப்படையுங்கள்.

நேரத்துக்கு வருவோம். கர்ப்பிணிக் கிளினிக் காலையில் நடக்கும். பாடசாலைப் பிள்ளைக்கும் புறக்கோட்டைக் கடையில் நிற்கும் பிள்ளைக்கும் அது ஒத்துவராது. கூட்டம் கலைந்தபிறகு, கிளினிக் முடியும் நேரத்துக்கு வரச்சொல்லுங்கள். வாங்கில் அரை மணித்தியாலம் காத்திருக்க வைக்காமல் நேரே உள்ளே எடுங்கள். பாடசாலைச் சீருடையோடு வந்தால் இன்னும் அவசரமாக.

வீட்டுக்குப் போவதானால் ஒரு விஷயம். தோட்டங்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை, ஒழுங்கை முழுவதும் சீருடையைப் பார்க்கும். கல்யாணம் கட்டாத பிள்ளை இருக்கும் வீட்டுக்கு மட்டும் போய்விட்டு வந்தால், நீங்கள் சந்தியைத் தாண்டமுன்னரே கதை பரவிவிடும். அதே ஒழுங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் இரண்டு, மூன்று வீடுகளுக்கும் அன்றைக்கே போங்கள். அவளுடைய வீட்டை நடுவில் வையுங்கள்.

மொழி பெரிய சிக்கல். மிட்வைஃப்மாரில் அநேகர் சிங்களம் பேசுபவர்கள். பிள்ளை கொழும்பிலே பிறந்து வளர்ந்தவள் என்றால் சிங்களத்தில் சமாளிப்பாள். நுவரெலியா, ஹட்டன் பக்கமிருந்து வீட்டு வேலைக்கோ கடைக்கோ வந்தவள் என்றால் தலையை ஆட்டுவாளே தவிர விளங்கியிருக்காது. மொழிபெயர்க்க வெளியில் நிற்கும் அன்ரியை, அவளுடைய தங்கச்சியை, வாட்டில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை, சிற்றூழியரைக் கூப்பிடவே கூடாது. வேலை செய்யும் வீட்டு நோனா கூட வந்திருந்தால் அவரையும்தான். அந்த வீட்டுக்குள்ளேயே ஏதும் நடந்திருக்கக்கூடும். தமிழ் தெரிந்த சகதாதி ஒருவரின் இலக்கத்தைக் கையில் வைத்திருங்கள். ஒலிபெருக்கியில் போட்டு, கதவைச் சாத்தி, மூன்று பேருமாகக் கதைக்கலாம். தமிழ் பேசும் தாதியாக நீங்கள் இருந்தால் இந்த வேலை உங்கள் தலையில்தான் விழும், கடமைப் பட்டியலில் இல்லாவிட்டாலும். அது நியாயமில்லைதான்.

படி 2: முதல் பத்து நிமிடம்

கூட வந்தவரை வெளியில் நிறுத்த வேண்டும், சந்தேகம் வராமல். “அன்ரி, நிறையும் பிரஷரும் பார்க்கணும், பிள்ளைய மட்டும் உள்ள விடுங்க. எல்லாருக்கும் இப்படித்தான்.” இதை உண்மையிலேயே எல்லாருக்கும் செய்தால்தான் எடுபடும். இருபத்தைந்து வயதுக்காரி மாமியாரோடு வந்தாலும் இதே நடைமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வந்ததும், கேள்வி கேட்க முதல், இரகசியத்தின் எல்லையைச் சொல்லுங்கள். “யாருக்கும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. இப்படிச் சொல்லலாம்: “மகள், நீங்க சொல்றத வெளியில கதைக்க மாட்டேன். வீட்டுல எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு பேருமாச் சேர்ந்து யோசிப்போம். ஆனா உங்களுக்குப் பதினாறு நிரம்பலன்னா, இல்ல யாராவது உங்களக் கட்டாயப்படுத்தியிருந்தா, இல்ல உங்கட உயிருக்கு ஆபத்துன்னா, நான் டாக்டருக்குச் சொல்லியே ஆகணும். அப்படிச் சொல்றதா இருந்தா முதல்ல உங்களுக்குச் சொல்லிட்டுத்தான் செய்வேன்.”

இதைக் கேட்டுச் சில பிள்ளைகள் வாயைத் திறக்காமல் எழுந்து போவார்கள். போகட்டும், இலக்கத்தைக் கொடுத்து அனுப்புங்கள். முழுவதும் சொன்னபிறகு பொலிஸ் வீட்டு வாசலுக்கு வந்தால், அவளும் வரமாட்டாள், அவளுடைய சிநேகிதிகளும் வரமாட்டார்கள்.

கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதில் தொடங்குங்கள். தாய் வெளிநாட்டில், பிள்ளை பெரியம்மாவோடு என்ற பதில் கொழும்பு வடக்கில் அடிக்கடி வரும். பிறகு படிப்பு அல்லது வேலை. பிறகு சாப்பாடு, நித்திரை, சிநேகிதர். பிறகு மனநிலை, சாக நினைத்ததுண்டா என்பது உட்பட. உடலுறவு பற்றியது கடைசி. “கல்யாணம் கட்டியாச்சா?” என்று ஆரம்பித்தால் அவளுக்கு ஒரே ஒரு பதில்தான் மரியாதையானது, பொய்யாக இருந்தாலும் அதைத்தான் சொல்வாள். “கடைசியாப் பீரியட்ஸ் எப்ப வந்தது?” என்பதில் யாரும் குற்றம் சாட்டப்படுவதில்லை.

தொலைபேசி இலக்கம் வாங்கும்போது “இந்த நம்பருக்கு எடுத்தா யார் எடுப்பாங்க?” என்று கேளுங்கள். அண்ணன் கையில் இருக்கும் போனுக்குக் கிளினிக்கிலிருந்து அழைப்புப் போனால் அன்றிரவு அவளுக்கு அடி விழும்.

முதல் நாளிலேயே படுக்க வைத்து உள்பரிசோதனை வேண்டாம். பெரும்பாலும் தேவையும் இருக்காது.

படி 3: வயதும் சட்டமும்

பிறந்த திகதியைப் பிள்ளைச் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டிலோ பிறப்புச் சான்றிதழிலோ பாருங்கள். வாயால் சொல்லும் வயதை வீட்டார் கூட்டுவதும் குறைப்பதும் உண்டு.

16 வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு உடலுறவு கொள்வது, அவள் சம்மதித்திருந்தாலும், தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவின்படி வன்புணர்வு. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் வைத்த எல்லை அது. பொதுச் சட்டப்படி திருமண வயதும் அதே ஆண்டிலிருந்து 18தான். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அப்படி ஒரு குறைந்தபட்ச வயதை வைக்கவில்லை. 363ஆம் பிரிவும் மனைவி என்றால் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது. எனவே “நிக்காஹ் முடிந்தது” என்று பதினைந்து வயதுப் பிள்ளையைக் கூட்டி வந்தால் சட்டத்தை நீங்கள் தீர்ப்பளிக்க வேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரியிடம் கொண்டுபோங்கள்.

பதினாறுக்குக் குறைந்தவள் என்று தெரிந்தால் நடைமுறை ஒன்றுதான்: வைத்திய அதிகாரிக்கு அறிவிப்பது, வைத்தியசாலையில் அனுமதிப்பது, அங்கிருந்து வைத்தியசாலைப் பொலிஸுக்கும் சட்ட வைத்திய அதிகாரிக்கும், பிறகு சிறுவர் பராமரிப்பைப் பார்க்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் விஷயம் போவது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கமும் இருக்கிறது. உங்கள் பங்கு, இந்த வரிசையில் அடுத்து என்ன நடக்கும் என்று ஒவ்வொரு கட்டத்திலும் அவளுக்கு முன்கூட்டியே சொல்வது. சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்குச் சம்மதம் கேட்பார்கள் என்பதையும், நடந்த கதையை ஒவ்வொரு மேசையிலும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் சொல்லுங்கள். அவள் சொன்னதை அவளுடைய வார்த்தையிலேயே ஒரு தடவை ஒழுங்காக எழுதிவைத்தால் பாதி வேதனை குறையும்.

பெடியனுக்கும் பதினேழுதான், இரண்டு பேரும் விரும்பித்தான் இருந்தார்கள் என்ற கதைகள் நிறைய. அங்கே சட்டம் கனமாக விழுவதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். அதற்காக வயதை மாற்றி எழுதுவது உதவியாகாது. பிறகு பிரசவ வாட்டில் அது வெளிவரும், அப்போது அவளுக்குப் பக்கத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

வீட்டுக்குள்ளேயே வன்முறை என்றால் பெரிய வைத்தியசாலைகளில் இருக்கும் மிதுரு பியச, தமிழில் நட்பு நிலையம், அதற்கென்றே அமைந்தது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

படி 4: கர்ப்பத்தைப் பதிவது, முதல் பரிசோதனைகள்

பதிவுக்குத் திருமணச் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை. கர்ப்பமாக இருப்பதே போதும். கர்ப்பிணிக்குக் கொடுக்கும் எச் 512 பதிவு அட்டையில் கணவர் பெயர் கேட்கும் இடத்தை வெறுமையாக விடலாம், அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்காதவரை ஒன்றும் ஆகாது.

மாதக்கணக்கு இந்த வயதில் சுலபமாகச் சரிவராது. பெரியபிள்ளையாகி முதல் சில வருடங்களுக்குச் சுற்று ஒழுங்காக இருக்காது, அவளும் குறித்து வைத்திருக்க மாட்டாள். திகதி கேட்டால் முழிப்பாள். “ஆடிவேலுக்கு முதலா, பிறகா? கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா அன்றைக்குப் பீரியட்ஸ் இருந்ததா?” என்று கேட்டுப் பாருங்கள். திருவிழா யூன் 13, அங்கிருந்து பின்னோக்கியும் முன்னோக்கியும் எண்ணலாம். அதோடு ஸ்கேனை எவ்வளவு முந்தி எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. பிந்திய ஸ்கேனில் நாள்கணக்கு வாரக்கணக்கில் தவறும், பிறகு குறைமாதமா, பிள்ளை வளரவில்லையா என்று பிரித்தறிய முடியாது. இந்த வயதில் இரண்டுமே கூடுதலாக வருவதால் இது சின்ன விஷயமில்லை.

பிரஷர் பார்க்கும்போது கைப்பட்டியைக் கவனியுங்கள். மெலிந்த கைக்குப் பெரியவர்களின் பட்டியைச் சுற்றினால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். சின்னப் பட்டி கேட்டு வாங்குங்கள். அதோடு, 140/90 வரும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் வருகையில் 90/60 இருந்த பிள்ளைக்கு முப்பதாம் வாரத்தில் 130/85 என்றால், தலையிடி இருக்கிறதா, சலத்தில் அல்புமின் இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்து வைத்தியருக்குக் காட்டுங்கள். பத்தொன்பது வயதுக்குட்பட்ட தாய்மாருக்குப் பிரஷர் கூடி வலிப்பு வரும் ஆபத்து இருபதுகளின் முற்பகுதியில் இருப்பவர்களைவிடக் கூட என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இரத்தக்குறைவு அநேகமாக இருக்கும். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே என்றால் குளிசையைக் கையில் கொடுத்துவிட்டு அனுப்புவது போதாது. எப்போது, எதோடு போடுகிறாள் என்று கேளுங்கள். காலையில் ஒரு பிளேன்டீயோடு விழுங்கிவிட்டுக் கடைக்கு ஓடுகிறாள் என்றால் அந்த இரும்பில் பெரும்பகுதி வீண். இரவு படுக்க முதல், தேசிக்காய்த் தண்ணீரோடு. கல்சியம் குளிசை வேறு நேரத்தில். குளிசை வீட்டில் எங்கே வைப்பாள் என்பதும் கேள்விதான். மறைத்து வைக்க இடமில்லாததால் கிளினிக் வாசலிலேயே எறிந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

உயரத்துக்கேற்ற நிறைச் சுட்டெண் (BMI) 18.5க்குக் கீழே என்றால் கர்ப்பகாலம் முழுவதற்கும் 12.5 முதல் 18 கிலோ வரை கூட வேண்டும். அவளுடைய உடம்பே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கலாம். திரிபோஷா சத்துமா கொடுத்தால் வீட்டில் எல்லாரும் பிரித்துச் சாப்பிடுவார்கள். பையைக் கொடுக்கும்போது கூட வந்தவரிடம் “இது பிள்ளைக்கு மட்டும்” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட முதல் பழைய பதிவேட்டைத் தேடச் சொல்லுங்கள். குழந்தைப்பருவத்திலிருந்து பன்னிரண்டு வயதில் பாடசாலையில் போட்டது வரை ஆறு ஊசிகளும் பதிவில் இருந்து, கடைசி ஊசி பத்து வருடத்துக்குள் என்றால் இந்தக் கர்ப்பத்தில் மறுபடி போடத் தேவையில்லை. இளம்பிள்ளைகளில் பலர் இந்த வகைக்குள் வருவார்கள்.

சிபிலிஸ், எச்.ஐ.வி பரிசோதனைகளை மற்ற எல்லாத் தாய்மாருக்கும் செய்வது போலவே செய்யுங்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு இவை தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் இலங்கைக்குச் சான்று கிடைத்தது, யாரையும் விட்டுவிடாமல் பரிசோதித்ததால்தான். “உனக்கென்று தனியாக” என்ற தொனி வந்துவிடக்கூடாது.

படி 5: “எனக்கு இது வேண்டாம், மிஸ்” என்றால்

தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காகவன்றிக் கருவைக் கலைப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின்படி குற்றம். அந்தச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டினுடையது. நேராகச் சொல்லுங்கள், பயமுறுத்தாமல். அதே மூச்சில் இதையும் சொல்லுங்கள்: யாராவது குளிசை கொடுத்தோ வேறு எதுவும் செய்தோ இரத்தம் போனால், காய்ச்சல் வந்தால், நாற்றமடித்தால், உடனே ஆஸ்பத்திரிக்கு வா, சிகிச்சை கிடைக்கும். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அப்படி வந்த பிள்ளையிடம் “யார் செய்தது?” என்று வாட்டில் விசாரிப்பது தாதியின் வேலை இல்லை. இரத்தத்தை நிறுத்துவது, கிருமித்தொற்றைப் பார்ப்பது, போக முதல் கருத்தடை பற்றிக் கதைப்பது, இவைதான் வேலை.

பெற்றுக் கொடுத்துவிட நினைப்பவளுக்கு, தத்துக் கொடுப்பது நீதிமன்றத்தின் வழியாகத்தான் என்று சொல்லி நன்னடத்தை அதிகாரியிடம் விடுங்கள். செலவெல்லாம் பார்க்கிறேன், பிள்ளையைத் தா என்று பிரசவத்துக்கு முதலே கூட வந்து உட்காரும் “தூரத்துச் சொந்தக்கார அன்ரி” மீது ஒரு கண் இருக்கட்டும்.

படி 6: பிரசவ வாட்டில்

மாநகரத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் சொய்சா அல்லது காசல் வீதி ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். முன்னரே ஒரு தடவை அனுப்பி, எந்த வாசல், என்ன பை கொண்டுபோக வேண்டும் என்று பார்த்து வரச் செய்யலாம்.

மருத்துவம் பற்றி இங்கே புதிதாகச் சொல்ல அதிகமில்லை. வாய் பற்றித்தான் சொல்ல வேண்டும். நோவில் கத்தும் பிள்ளையிடம் “அப்ப நோகல்லையா?” என்று கேட்கும் பழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. கேட்டவருக்கு அது பகிடி. அவள் அதை அடுத்த பிள்ளைவரை சுமப்பாள், சில நேரம் அடுத்த பிள்ளையை வீட்டிலேயே பெற முயல்வாள். அதற்குப் பதிலாக, செய்யப்போவதைச் செய்ய முதல் சொல்லுங்கள்: “இப்ப கை வச்சுப் பார்க்கப் போறேன், மூச்ச விடுங்க, வேணாம்னா நிப்பாட்டச் சொல்லுங்க.” பலவந்தத்துக்கு ஆளான பிள்ளைக்கு ஒவ்வொரு உள்பரிசோதனையும் பழையதை எழுப்பும். பரிசோதனைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வைத்தியரிடம் கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

படி 7: வீடு திரும்பியபின்

முதல் பத்து நாட்களுக்குள் நீங்கள் போகும் வருகைகளில் குழந்தையை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். அம்மம்மா குழந்தையைத் தூக்கி வைத்திருப்பார், பெற்றவள் மூலையில் இருப்பாள். பால் கொடுப்பதை அவள் கையாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.

பேறுகாலத்துக்குப் பிந்திய மனச்சோர்வுக்கான எடின்பரோ வினாக்கொத்து தமிழில் இருக்கிறது, பத்துக் கேள்விகள். அவளாக வாசித்து நிரப்பட்டும், பக்கத்தில் யாரும் இருக்கக்கூடாது. மொத்தப் புள்ளி எதுவானாலும் பத்தாவது கேள்வியைத் தனியாகப் பாருங்கள், அது தன்னைத் தானே காயப்படுத்த நினைப்பது பற்றியது. அதற்கு “இல்லை” தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே வைத்தியரிடம். 1926 தேசிய மனநல உதவி இலக்கம்.

கருத்தடையைப் பிரசவத்துக்கு முதலே கதைத்து வைப்பது நல்லது. தாய்ப்பால் மட்டும் கொடுத்து, மாதவிடாய் திரும்பாமல், பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகாமல் இருந்தால் அதுவே ஒரு பாதுகாப்பு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் இல்லை. கையின் தோலுக்கடியில் வைக்கும் இம்பிளான்ட் இந்த வயதுக்கு நன்றாகப் பொருந்தும். ஞாபகம் வைக்கத் தேவையில்லை, வீட்டில் யாரும் காண மாட்டார்கள். மூன்று மாத ஊசி பால் கொடுப்பவளுக்கு ஆறு வாரத்துக்குப் பிறகு. சாதாரணக் கருத்தடைக் குளிசை பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் வேண்டாம்.

பிறப்பை மூன்று மாதத்துக்குள் பதிய வேண்டும். கல்யாணம் கட்டாதவர்கள் என்றால் தகப்பன் பெயர் வர இருவரும் சேர்ந்து கேட்டு ஒப்பமிட வேண்டும். பெயர் இல்லாமலும் பதியலாம் என்று தெரியாமல் ஆளைத் தேடித் திரிந்து காலம் கடத்துகிறார்கள். பாடசாலைக்குத் திரும்ப வெட்கப்படுபவள் சாதாரண தரத்தைத் தனியார் பரீட்சார்த்தியாக எழுதலாம்.

படி 8: கர்ப்பம் இல்லாமல் வருபவர்களுக்கு

இவர்கள்தான் உண்மையில் கூடுதலாக வர வேண்டியவர்கள். பீரியட்ஸ் நோவு, வெள்ளைபடுதல் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள், கேட்க வந்தது வேறாக இருக்கும். சொன்ன முறைப்பாட்டுக்கு முதலில் ஒழுங்காகப் பதில் கொடுங்கள், பிறகு “வேற ஏதும் கேட்கணுமா?” என்று விட்டுவிட்டுக் காத்திருங்கள். யோவுன் பியச என்ற இளையோர் நேய நிலையங்கள் இதற்காகவே அமைந்தவை.

கருத்தடை பெற மணமாகியிருக்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. போஸ்டினோர் போன்ற அவசரக் குளிசை 72 மணித்தியாலத்துக்குள், முந்திப் போட்டால் அவ்வளவு நல்லது. அது முட்டை வெளிவருவதைப் பிந்தச் செய்கிறது, ஏற்கெனவே தரித்த கருவைக் கலைக்காது. ஆறாம் வகுப்பில் 2017 முதல் போடப்படும் எச்.பி.வி தடுப்பூசியின் இரண்டு ஊசிகளும் கிடைத்தனவா என்று கேளுங்கள். பாலியல் நோய் பற்றிய பயம் என்றால் கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் உள்ள தேசிய நிலையத்தில் பரிசோதனை இலவசம், இரகசியம். போக வழி சொல்லுங்கள், பஸ் இலக்கம் உட்பட.

படி 9: இடம் மாறும்போது

ஏழாம் மாதத்தில் கொழும்புப் பிள்ளை காணாமல் போவாள். மலையகத் தோட்டப்புறத்து அம்மம்மா வீட்டுக்கோ வத்தளையில் யாரும் அறியாத சொந்தத்துக்கோ அனுப்பிவிடுவார்கள். “வரவில்லை” என்று பதிவேட்டில் எழுதி முடித்துவிடாதீர்கள். ஆறாம் மாதத்திலேயே கேளுங்கள்: “பிள்ளப்பேறுக்கு எங்க போவீங்க?” ஊர் பெயர் கிடைத்தால் அந்தப் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அழைத்து, அங்குள்ள மிட்வைஃபின் பெயரையும் இலக்கத்தையும் வாங்கி, அட்டையில் எழுதிக் கொடுங்கள். அந்த மிட்வைஃபுக்குப் பிரஷர், இரத்த அளவு, இரத்த வகை, எந்த இலக்கத்துக்கு எப்போது அழைக்கலாம் என்பதைச் சொல்லுங்கள். பெடியன் யார், எப்படி நடந்தது என்பதெல்லாம் அவருக்குத் தேவைப்பட்டால் அவரே கேட்டுக்கொள்வார். அவள் போய்ச் சேர்ந்த வாரத்தில் ஒரு தடவை அழைத்து, அங்கே கிளினிக்குக்குப் போனாளா என்று உறுதிசெய்தபின் உங்கள் பதிவை மூடலாம்.